மூன்றாவது வரியில் ஓர் இருமல்

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் தையல்காரரை ஒரு மஞ்சள் துணியைக் கையில் பிடித்தபடி நிற்க வைத்துவிட்டுப் போய்விட்டேன். ஒரு வாரமாக மனிதர் அப்படியே நிற்கிறாரே என்று உங்களில் சிலருக்கு என் மேல் கோபம். இருக்கட்டும். ஆனால் எல்லாக் கோபத்தையும் என் மேலேயே செலவழித்துவிடாதீர்கள். இந்த வாரம் கோப்பும் கையுமாக வேறொருவர் வருகிறார். அவருக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை. தையல்காரருக்கு இரண்டு பெண்கள். பெரியவள் மழலைக் கல்வி அலுவலகத்தில் மொழிப் பிரிவு அதிகாரி. சின்னவள் அதே அலுவலகத்தின் கீழ் உள்ள ஒரு மழலைப் பள்ளியில் டீச்சர். அக்கா அனுப்புகிற உத்தரவைத் தங்கை நிறைவேற்ற வேண்டும். இப்படி ஓர் ஏற்பாடு உள்ள வீட்டில் சாப்பாட்டு நேரம் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது வந்திருக்கும் உத்தரவு இது. மழலை வகுப்பில் எல்லாக் குழந்தைகளும் தினமும் காலையில் ஐந்து வரி நாட்டு உறுதிமொழியைப் பள்ளி மொழியில் பிசகில்லாமல் சொல்ல வேண்டும். சொல்லும் குழந்தைக்குக் கையில் பச்சைப் பட்டை. சொல்லாத குழந்தைக்கு மஞ்சள் பட்டை. மஞ்சள் கட்டிய குழந்தைகள் திங்கட்கிழமை முதல் 'ஆயத்த அறை'க்குப் போய்விட வேண்டும்.

பெயரெல்லாம் நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். சின்னவளின் பள்ளியில் அந்த அறை, போன மாதம்வரை கால் உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்த இடம். ஒரே ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் மதில் சுவர். அந்த அறைக்கு டீச்சர் இன்னும் நியமிக்கவில்லை. அதுவரை ஆயா பார்த்துக்கொள்வாராம்.

சின்னவளின் வகுப்பில் இருபத்தெட்டுக் குழந்தைகள். அதில் ஆறு பேர் வீட்டில் வேறு மொழி பேசுகிறவர்கள். அந்த ஆறு பேரும் மஞ்சள் பட்டியலில் இருக்கிறார்கள். பட்டியலில் முதல் ஆள் பட்டாணி. வயது ஐந்து. முதல் நாள் பச்சைச் சட்டை போட்டு வந்து மூலையில் உருண்டையாக உட்கார்ந்ததால் வகுப்பே சேர்ந்து வைத்த பெயர் அது. அந்த ஆறு பேரில் ஒருத்தரைக்கூட அனுப்ப மாட்டேன் என்று போன வாரம் சின்னவள் அக்காவின் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள்.

தங்கை வகுப்புக்கான பட்டைகளைத் தைக்கும் வேலையைப் பெரியவள் அப்பாவிடம்தான் கொண்டுவந்தாள். பச்சை இருபத்திரண்டு, மஞ்சள் ஆறு. மஞ்சள் எதற்கு என்று அவர் கேட்டதற்கு, "அது ஆபீஸ் விஷயம்ப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். விஷயத்தை அப்புறம் சின்னவள்தான் சொன்னாள். அதைக் கேட்டுத்தான் அந்த மஞ்சள் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் நின்றார்.

இனி வியாழக்கிழமை.

*

காலையில் கீழே தையல் மிஷின் சத்தம் கேட்கவில்லை. கடைக்கு மேலேதான் வீடு. விடிந்ததும் அந்தச் சத்தத்தில்தான் சின்னவள் எழுந்திருப்பாள். இன்று அது இல்லாததால் தாமதமாக எழுந்து, பாதி தலை வாரிக்கொண்டு இறங்கி வந்தாள். அப்பா மிஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். மஞ்சள் துணி மடியில் இருந்தது.

உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். நன்றாகத்தான் இருக்கிறேன் என்றார். பிறகு, சம்பந்தமே இல்லாமல் ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த ரூமுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கமா, வெளிப்பக்கமா?"

"எந்த ரூம்? ஆயத்த அறையா? வெளிப்பக்கம்தான். ஏன்ப்பா?"

அவர் கத்தரிக்கோலை எடுத்தார், வைத்தார். அவளுக்கோ நேரமாகிவிட்டது. இன்றைக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேறு. சாயங்காலம் பேசிக்கொள்ளலாம் என்று கிளம்பினாள். அந்தக் கேள்வியை அவள் அப்போதே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். நாம் எல்லோரும் இப்படித்தான், அப்பாக்கள் பேசும்போது செருப்பைத் தேடிக்கொண்டிருப்போம்.

பாதி வழியில் பெரியவளின் போன். அலுவலக இயக்குநரோடு தானே வருவதாகச் சொன்னாள். தங்கையின் பள்ளி என்று வேறு ஆளை அனுப்பினால், காப்பாற்றப் பார்க்கிறாள் என்று அலுவலகத்தில் பேசுவார்களாம். அதனால் நேரிலேயே வந்து கறாராக நடந்துகொள்ளப் போகிறாளாம். கூடவே ஒரு யோசனையும் சொன்னாள். அந்த டப்பா விளையாட்டை இன்று ஒருநாள் மட்டும் மூட்டை கட்டி வைத்தால் எல்லோருக்கும் நல்லது.

டப்பா விளையாட்டு என்று அவள் சொன்னது சின்னவளின் வருகைப் பதிவை. மற்ற வகுப்புகளில் பெயர் கூப்பிட்டால் குழந்தை 'வந்தேன்' என்று சொல்லும். இவள் வகுப்பில், பெயர் கூப்பிட்டால் குழந்தை வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். வீட்டு மொழியில், வீட்டில் எப்படிச் சொல்வார்களோ அப்படியே. டீச்சர் அதை ஒரு சீட்டில் படமாக வரைவாள். அந்தப் பொருளுக்கு அவரவர் வீட்டில் என்ன பெயர் என்று மற்றவர்கள் சொல்வார்கள். பள்ளி மொழிச் சொல் கடைசியில் வரும். சீட்டு பிஸ்கட் டப்பாவுக்குள் போகும். வெள்ளிக்கிழமை டப்பாவைக் கவிழ்த்து, இருக்கிற சொற்களை வைத்து ஒரு பாட்டுக் கட்டுவார்கள். பாட்டு கன்னாபின்னாவென்று இருக்கும். ஆனால் இருபத்தெட்டு வாயும் திறக்கும்.

பட்டாணி இரண்டு மாதம் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது மாதம் ஒருநாள் பையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்து மேசையில் வைத்து, அதன் வீட்டுப் பெயரைச் சொன்னாள். அன்றிலிருந்து தினமும் ஒரு சொல். இப்போது பள்ளி மொழியிலும் முப்பது, நாற்பது சொற்கள் அவள் கைவசம். தெரியாத பெரியவர்கள் முன்னால் மட்டும் இன்னும் பேசுவதில்லை. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர்கள் எல்லோரும் தெரியாத பெரியவர்கள்தானே.

"அக்கா, டப்பா மேசை மேலதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு சின்னவள் போனை வைத்தாள்.

*

இயக்குநர் உயரமானவர். கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நடப்பார். முதலில் அவர் பக்கத்து வகுப்புக்குப் போனார். நடுவில் மார்பு உயரத் தடுப்புதான் என்பதால் சின்னவளுக்கு இங்கிருந்தே எல்லாம் தெரிந்தது.

பக்கத்து வகுப்பு டீச்சர் நல்லவர். உத்தரவு என்று வந்துவிட்டால் மட்டும் சொந்தப் புத்தியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். உறுதிமொழிக்கு அலுவலகம் ஒரு ஒலிப்பதிவு அனுப்பியிருந்தது. பெரியவளின் குரல். மொழிப் பிரிவில் அவளைப் போல் சுத்தமாக உச்சரிக்க ஆள் கிடையாது. கூடவே வந்த சுற்றறிக்கையில், 'பதிவில் உள்ளபடியே, சிறு மாற்றமும் இன்றிக் கற்பிக்கவும்' என்று தடித்த எழுத்தில் இருந்தது. அந்த டீச்சர் அப்படியேதான் கற்பித்தார்.

முப்பது குழந்தைகள் எழுந்து நின்றார்கள். நிமிர்ந்த முதுகு, ஒட்டிய கால்கள். ஒரே குரலாகத் தொடங்கினார்கள்.

"இது என் நாடு. இதன் மொழி என் மொழி. இதன் மண்ணை..."

இந்த இடத்தில் முப்பது குழந்தைகளும் வலது கையை மடக்கி வாயருகே கொண்டுபோய், ஒரே ஒரு தடவை இருமினார்கள்.

"...என் உயிர்போல் காப்பேன். இதன் சட்டம் என் வழி. இதன் பெருமை என் பெருமை."

இயக்குநர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். மழை நாள், குழந்தைகளுக்குச் சளி பிடித்திருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னார்கள். அதே இடம், அதே கை, அதே ஒற்றை இருமல்.

முன் வரிசையில் நின்ற ஒரு பெண் குழந்தையைக் குனிந்து கேட்டார், ஏன் இருமினாய் என்று.

"அது உறுதிமொழியில இருக்கு சார். ஒரு தடவைதான் இருமணும். ரெண்டு தடவை இருமினா தப்பு."

டீச்சருக்கு வியர்த்துவிட்டது. பதிவில் அப்படித்தான் இருக்கிறது, சிறு மாற்றமும் கூடாது என்று போட்டிருந்தது, கை வைத்து மூடிக்கொள்வது மட்டும் மரியாதைக்காகத் தானே சேர்த்தது என்று மென்று விழுங்கிச் சொன்னார்.

இப்போது எல்லோரும் பெரியவளைப் பார்த்தார்கள். பதிவு செய்த அன்று அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. அந்த இருமலை வெட்டிவிடுங்கள் என்று ஸ்டூடியோவில் சொல்லியிருந்தாள், அவர்கள் மறந்துவிட்டார்கள். வந்த பதிவைக் கேட்டபோது அவளுக்குத் தெரிந்ததுதான். ஒரு இருமலை யார் கவனிக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டாள். பதிவு இருநூறு பள்ளிகளுக்குப் போயிற்று. அப்படியானால் தினமும் காலை ஒன்பது மணிக்கு இருநூறு பள்ளிகளில் குழந்தைகள் எழுந்து நின்று, அவளுடைய அன்றைய தொண்டைக் கட்டைப் பயபக்தியோடு இருமிக்கொண்டிருக்கிறார்கள். இதை நினைத்ததும் அவளுக்குக் காது மடல்வரை சூடேறியது.

இயக்குநர் சிரித்திருக்கலாம். சிரித்திருந்தால் மனிதர் என்று ஒப்புக்கொண்டிருப்பேன். அவர் கோப்பில் குறித்துக்கொண்டார். பதிவை மாற்ற வேண்டும், மற்றபடி வகுப்பு அபாரம், முப்பதும் பச்சை என்றார்.

ஒரு வரிக்காவது அர்த்தம் தெரியுமா என்று அவர் ஒரு குழந்தையையும் கேட்கவில்லை. தடுப்புக்கு இந்தப் பக்கம் சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

*

சின்னவளின் வகுப்பில் தரை முழுக்க சாக்பீஸ். திங்கட்கிழமை தொடங்கிய வேலை. வகுப்பு வாசலில் ஆரம்பித்து, ஒவ்வொரு குழந்தையும் தனக்குத் தெரிந்த ஓர் இடத்தை வரைந்துகொண்டே போக வேண்டும். குழாயடி, பஸ் டிப்போ, ஆஸ்பத்திரி, டீச்சரின் அப்பாவுடைய தையல் கடை. வாசலை ஒட்டி நீல சாக்பீஸில் அகலமாக ஓர் ஆறு. அதை வரைந்தது பட்டாணி. எந்த இடமோ, அதன் பக்கத்தில் அங்கே வேலை செய்கிறவர் படம் இருக்கும். நாடு எங்கே முடிகிறது என்று 'கேள்வி' ஒருநாள் கேட்டான். எதைப் பார்த்தாலும் கேள்வி கேட்பதால் அவனுக்கு அந்தப் பெயர். இன்னும் வரைந்து முடிக்கவில்லையே என்று சின்னவள் சொன்னாள்.

இயக்குநர் உள்ளே வந்தார். பெரியவள் பின்னாலேயே வந்தாள். இருவரும் வாசலைத் தாண்டி நின்றார்கள். தரையில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. சுவரில் நாட்டு வரைபடம் மாட்டியிருக்கிறதா என்றுதான் அவர் கண் தேடியது. மாட்டியிருந்தது.

அப்போது மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. பட்டாணி எழுந்து நின்று, இயக்குநரின் ஷூவைக் காட்டி, தன் மொழியில் நீளமாக ஒரு வாக்கியம் சொன்னாள். தெரியாத பெரியவர் முன்னால் அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

இயக்குநருக்கு ஒன்றும் புரியவில்லை. சின்னவளுக்கும்தான். அந்த மொழியில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் டப்பாவில் விழுந்த சொற்கள், அவ்வளவுதான். ஆனால் அவள் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவள் குனிந்து பார்த்து, புடவையைக் கொஞ்சம் தூக்கி, இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டாள்.

அதற்குப் பிறகுதான் 'கேள்வி' மொழிபெயர்த்தான்.

"சார், நீங்க ஆத்துல நிக்கிறீங்களாம். பேன்ட் நனையுமாம். தள்ளி நிக்கணுமாம்."

இயக்குநர் குனிந்து பார்த்துவிட்டுச் சட்டென்று ஒரு காலைத் தூக்கினார். தூக்கிய காலை பஸ் டிப்போவில் வைத்தார். அங்கே பஸ் வரும் என்று நாலைந்து பேர் எச்சரித்தார்கள். இவ்வளவு பெரிய மனிதர் ஒற்றைக் காலில் நிற்பதைக் குழந்தைகள் ரசித்தார்கள். நானும் ரசித்தேன், மறைக்கவில்லை.

சின்னவளால் அதை ரசிக்க முடியவில்லை. யாரும் மொழிபெயர்ப்பதற்கு முன்பே அக்கா எப்படி நகர்ந்தாள்? அம்மாவும் அப்பாவும் ஒரு காலத்தில் அந்த மொழிதான் பேசினார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் பிறந்த நாளிலிருந்து வீட்டில் அதைக் கேட்டதே இல்லை. எனக்கு ஒரு வார்த்தைகூட ஞாபகம் இல்லை என்றுதான் அக்கா இத்தனை வருஷமும் சொல்லியிருக்கிறாள்.

யோசிக்க நேரம் இல்லை. இயக்குநர் சமாளித்துக்கொண்டு 'கேள்வி'யைப் பார்த்தார். உன் வீட்டில் இந்த மொழியா பேசுகிறீர்கள் என்று கேட்டார். இல்லையென்று அவன் தலையாட்டினான்.

"இவகிட்ட கத்துக்கிட்டான் சார்" என்றாள் சின்னவள். "இவ அவன்கிட்ட பள்ளி மொழி கத்துக்கறா. நான் நடுவுல சீட்டு எழுதிப் போடறேன்."

இதெல்லாம் பாடத்திட்டத்தில் இல்லை என்றார் அவர். உறுதிமொழி சொல்லச் சொன்னார். இருபத்திரண்டு பேர் சொன்னார்கள், இருமாமல். ஐந்து பேர் இடையிடையே வாயசைத்தார்கள். பட்டாணி சும்மா நின்றாள். அவர் அவள் அருகில் போய், முதல் வரியை மட்டும் சொல்லச் சொன்னார். குரல் ஒன்றும் கடுமையாக இல்லை. அவள் அவருடைய கோப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாளே தவிர, வாயைத் திறக்கவில்லை.

அவர் ஒரு படிவத்தை எடுத்து மேசையில், பிஸ்கட் டப்பாவின் பக்கத்தில் வைத்தார். ஆறு பெயர்கள், 'நாட்டைப் பற்றி அறியாதவர்கள்' என்ற தலைப்பின் கீழ். கீழே வகுப்பு டீச்சர் கையெழுத்துக்கு ஒரு கோடு, மொழிப் பிரிவு அதிகாரிக்கு ஒரு கோடு.

"போட மாட்டேன் சார்."

அவர் காரணம் கேட்டார்.

"இவளுக்கு நாடு தெரியாதுன்னு இதுல எழுதியிருக்கு. ஆறு எங்க இருக்கு, யார் அதுல நிக்கிறாங்கன்னு இவளுக்குத்தான் முதல்ல தெரிஞ்சுது. சுவத்துல தொங்குற படத்துல இவ வீடு இல்ல சார், தரையில இருக்கு. இங்க யார் யார் இருக்காங்கன்னு தெரிஞ்ச பிறகுதான் 'என் நாடு'ன்னு சொல்ல வாய் வரும். நாலு மாசத்துல இவ வாயைத் திறந்திருக்கா. அந்த ரூமுக்கு அனுப்பினா திரும்ப மூடிக்குவா. அதுக்கு என் கையெழுத்து கிடையாது."

குழந்தைகள் எல்லோரும் டீச்சரையே பார்த்தார்கள். டீச்சர் இவ்வளவு நீளமாகப் பேசி அவர்கள் கேட்டதில்லை.

டீச்சர் கையெழுத்து இல்லாவிட்டாலும் விதிப்படி அதிகாரி கையெழுத்து ஒன்றே போதும் என்றார் இயக்குநர். படிவத்தை எடுத்துப் பெரியவளிடம் கொடுத்தார். நாளைக் காலை பத்து மணிக்குள் கையெழுத்தாகித் தன் மேசைக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஆற்றைச் சுற்றிக்கொண்டு வெளியே போனார்.

பெரியவளும் போனாள். தாழ்வாரத்தில் சின்னவள் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

"உனக்குப் புரிஞ்சுது, இல்ல?"

"கையை விடு. எல்லாரும் பாக்கறாங்க."

"அவ சொன்னது உனக்குப் புரிஞ்சுது."

பெரியவள் கையை விடுவித்துக்கொண்டு காரை நோக்கி நடந்தாள். வழியில் ஆயத்த அறை. அதன் முன்னால் அவள் கொஞ்சம் நின்றாள். வெளிப்பக்கத் தாழ்ப்பாளை விரலால் ஒருதரம் தள்ளிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

*

சாயங்காலம் ஐந்தரை மணிக்குப் பெரியவள் கடைக்கு வந்தாள். பட்டைகளை வாங்கிப் போக வந்ததாகச் சொன்னாள். சின்னவள் அங்கேதான் இருந்தாள், தரையில் கிடந்த நூல்களைக் கூட்டிக்கொண்டு. அக்காவைப் பார்த்ததும் துடைப்பம் கொஞ்சம் வேகமாகப் போயிற்று.

அப்பா காகிதத்தில் சுற்றிய கட்டை எடுத்து வைத்தார். பெரியவள் பிரித்தாள். எல்லாம் மஞ்சள். ஒவ்வொன்றும் ஓரம் மடித்து, நாடா வைத்து, நேர்த்தியாகத் தைத்திருந்தது.

"பச்சை எங்கப்பா?"

"துணி அப்படியே இருக்கு. எடுத்துட்டுப் போ."

"எல்லாமே மஞ்சளா இருக்கே."

"ஆறு பேருக்குக் கட்டினா அவமானம். இருபத்தெட்டுப் பேருக்கும் கட்டினா வெறும் துணி. கடைக்கு அந்த நிறத் துணி வாங்கிப் போட்டது நான். ஒருத்தரும் கேக்க முடியாது."

பெரியவள் எண்ணினாள். இருபத்தொன்பது இருந்தது.

"ஒண்ணு அதிகம்."

"அது உனக்கு."

சின்னவள் துடைப்பத்தைக் கீழே போட்டாள். அப்பா மிஷினைப் பார்த்தபடியே பேசினார். பேச்சு அவருக்குச் சுலபமாக வருவதில்லை. பெரியவளுக்கு ஐந்து வயதில் அவளுடைய பள்ளியிலும் இப்படி ஓர் அறை இருந்ததாம். வீட்டு மொழி பேசிய குழந்தைகளுக்குக் கையில் மஞ்சள் துணி. ஒருநாள் இவர் கூட்டிவரப் போனபோது எல்லோரும் போய்விட்டார்கள், இவள் மட்டும் உள்ளே இருந்தாள். வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது. போட்டவர் மறந்துவிட்டாராம். திறந்து தூக்கிக்கொண்டு வந்தார். அன்றைக்கே அம்மாவிடம் சொன்னார், இனி இந்த வீட்டில் அந்தப் பேச்சு ஒரு வார்த்தை வரக்கூடாது என்று. அதற்கு அடுத்த வருஷம் சின்னவள் பிறந்தாள்.

"உங்கம்மாவுக்கு மத்த மொழி அவ்வளவா வராது" என்றார். "அதுக்கப்புறம் சாகறவரைக்கும் அவ பேசறதே கொறஞ்சு போச்சு. ஸ்கூல்காரங்களைப் போய்க் கேக்க எனக்குப் பயம். அவங்களைக் கேக்கப் பயந்துட்டு உங்கம்மாவை அடக்கினேன். இப்ப நான் தச்சுக் கொடுத்து இன்னும் ஆறு பேரை உள்ள போட மாட்டேன். உன் ஆபீஸ் என்னை என்ன வேணா செய்யட்டும்."

சின்னவள் அழுதுவிட்டாள். இந்த விஷயம் அவளுக்கு இன்றைக்குத்தான் தெரியும். அம்மா அதிகம் பேசாதவள் என்று மட்டும்தான் அவள் நினைத்திருந்தாள், அம்மாவின் சுபாவமே அது என்று. பெரியவள் அழவில்லை. இருபத்தொன்பதாவது பட்டையைக் கையில் வைத்து, நாடாவை நீவிக்கொண்டிருந்தாள்.

அப்போது போன் அடித்தது. இயக்குநர். நாளை ஒன்பது மணிக்கு ஸ்டூடியோவில் ஏற்பாடு செய்தாகிவிட்டது, உறுதிமொழியை இருமல் இல்லாமல் திரும்பப் பதிவு செய்துவிட்டு, பத்து மணிக்குப் படிவத்தோடு வரவேண்டும் என்றார். பதிவு பத்தரைக்கு இருநூறு பள்ளிகளுக்கும் போய்விடும். பெரியவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "வரேன் சார், நானே பேசறேன்" என்று சொல்லி வைத்தாள்.

சின்னவளுக்கு வந்த ஆத்திரத்தில் கண்ணீர் நின்றுவிட்டது. இவ்வளவு கேட்ட பிறகும் போய் அதே ஐந்து வரியை ஒப்பிக்கப் போகிறாயா, உனக்கு இருப்பது இதயமா ரப்பர் ஸ்டாம்பா என்று ஒரு பிடி பிடித்தாள். பெரியவள் இடது கையை அவள் முன்னால் நீட்டினாள்.

"கட்டி விடு. ஒத்தைக் கையால கட்ட வரல."

சின்னவள் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு கட்டிவிட்டாள்.

பெரியவள் பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். கையெழுத்துக் கோடு காலியாகத்தான் இருந்தது. அதை நாலாக மடித்து அப்பாவின் பொத்தான் டப்பாவுக்குள் போட்டு மூடினாள். அப்புறம் அப்பாவைப் பார்த்து ஒன்று கேட்டாள். சின்னவளுக்கு அது புரியவில்லை. முப்பது வருஷமாக அந்தக் கடையிலோ வீட்டிலோ யாரும் பேசாத மொழியில் கேட்டாள்.

அப்பா வாயைத் திறந்தார். பதில் வரவில்லை. மறுபடி முயன்றார். பிறகு தலையை ஆட்டி, "மறந்து போச்சும்மா" என்றார்.

"என்னக்கா கேட்ட?"

"'இதன் மொழி என் மொழி'ங்கிற வரியை நம்ம பேச்சுல எப்படிச் சொல்றதுன்னு கேட்டேன். எனக்குப் பாதிதான் வருது." பெரியவள் கைக்கடிகாரத்தைச் சரிசெய்தாள், மஞ்சள் பட்டை அதற்கு மேலே தெரிகிற மாதிரி. "ரெண்டு மொழியிலயும் பதிவு பண்ணப் போறேன். 'பதிவில் உள்ளபடியே, சிறு மாற்றமும் இன்றி'ன்னுதானே சுத்தறிக்கை. இருநூறு பள்ளியும் அப்படியே சொல்லட்டும். உன் வகுப்பு எத்தனை மணிக்கு ஆரம்பம்?"

"எட்டரைக்கு."

"பட்டாணி நேரத்துக்கு வருவாளா? மீதியை அவகிட்ட கேட்டுக்கிட்டுத்தான் ஸ்டூடியோவுக்குப் போகணும்."

சின்னவள் துடைப்பத்தை எடுத்துச் சுவரில் சாய்த்தாள்.

"வருவா. ஆனா வாசல்லயே ஆறு இருக்கு. பாத்து வா."